விளக்கம் இழந்த படம்: 'இந்தியா' இதழின் கருத்துப்படங்களும் 1910ஆம் ஆண்டு அச்சுச் சட்டமும்

காலனிய இந்தியாவின் படங்களில் அரசியலும் புராணமும் பிணைந்து கிடப்பது ஏன் என்ற கேள்விக்குக் கிறிஸ்டோபர் பின்னி தந்த விடை ஆய்வுலகில் செல்வாக்குடன் இருந்துவருகிறது. 2004இல் வெளிவந்த 'கடவுளரின் புகைப்படங்கள்' என்ற நூலில் அந்த விடை உருப்பெற்றது. ரமிந்தர் கவுரும் வில்லியம் மஸ்ஸரெல்லாவும் 2009இல் பதிப்பித்த தெற்காசியத் தணிக்கை பற்றிய தொகுப்பில் அவர் எழுதிய கட்டுரை அதைக் கூர்மையாக்கியது. தமிழ்ச் சான்றுகளோடு வைத்துப் பார்த்தால் அந்த விடையில் ஒரு பாதி நிற்கிறது, மறுபாதி நிற்கவில்லை. அவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பின்னியின் வாதத்தின் சாரம் இது. 1857 கிளர்ச்சிக்குப் பின் 1858இல் வெளியான விக்டோரியாவின் பிரகடனம், குடிமக்களின் மத நம்பிக்கையில் அரசு தலையிடாது என்று உறுதி கூறியது. அரசியல் பேச்சின் மீதோ பிடி இறுகிக்கொண்டே போனது. 1870இல் ராஜத்துரோகப் பிரிவு, 1876இல் நாடகச் சட்டம், 1878இல் தாய்மொழிப் பத்திரிகைச் சட்டம், 1910இல் அச்சுச் சட்டம் என்று வரிசையாக வந்தன. ஒரு பக்கம் காவல், மறுபக்கம் திறந்த வாசல். அரசியல் பேச விரும்பியவர்கள் மதத்தின் வாசல் வழியாக நுழைந்தார்கள். ஆகவே, பின்னாளில் ஆட்சியாளர்களே கண்டு அஞ்சிய மதம் கலந்த அரசியல், பெருமளவுக்கு அவர்களுடைய சட்டங்களே வளர்த்துவிட்டது. மருத்துவரின் சிகிச்சையே வரவழைக்கும் நோய் என்ற உருவகத்தால் பின்னி இதைச் சொல்கிறார்.

இந்த வாதத்துக்கு வலுவான சான்று மராத்தியில் இருக்கிறது. கே. பி. காடில்கர் 1907இல் எழுதிய 'கீசகவதம்' விராடபர்வக் கதை. திரௌபதியைக் கீசகன் துன்புறுத்துகிறான், தருமன் பொறுமை சொல்கிறான், வீமன் கொன்று முடிக்கிறான். கீசகன் கர்சன் பிரபு, திரௌபதி இந்தியா, தருமன் மிதவாதி, வீமன் தீவிரவாதி என்று பார்த்தவர்கள் எல்லோரும் புரிந்துகொண்டார்கள். மேடையில் ஒருவர்கூட அந்தப் பெயர்களைச் சொல்லவில்லை. பெயரே உச்சரிக்கப்படாமல் எல்லோரும் அறிந்திருந்ததைத்தான் வாலண்டைன் சிரோல் 1910இல் தம் நூலில் பெருங்குற்றமாக எடுத்துக்காட்டினார். அதே ஆண்டு நாடகம் தடை செய்யப்பட்டது. புராணம் முகமூடி, சட்டத்துக்கு அஞ்சி அணிந்தது என்ற முடிவுக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

ஆனால் 'கீசகவதம்' நாடகம். நாடகத்தை ஆண்ட சட்டமும் பத்திரிகையை ஆண்ட சட்டமும் வேறு வேறு. 1876 முதல், ஒரு நாடகத்தை மேடையேறவிடாமல் நிறுத்தும் அதிகாரம் அரசுக்கு இருந்தது. பத்திரிகையின் நிலை அப்படியல்ல. 1878ஆம் ஆண்டுச் சட்டம் ரிப்பன் காலத்தில் நீக்கப்பட்டபின், 1908 வரை பத்திரிகைக்காரருக்கு இருந்த பெரிய அபாயம் அச்சிட்ட பிறகு வரும் வழக்குதான். தண்டனை கடுமையாக இருக்கலாம், ஆனால் இதழ் அதற்குள் வாசகர் கைக்குப் போய்விடும். பின்னி இவ்விரண்டையும் ஒரே தணிக்கையின் இரு கைகளாகப் பார்க்கிறார். அவருடைய சான்றுகள் பெரும்பாலும் புனே சித்திரசாலை, ரவிவர்மா அச்சகம், வட இந்தியப் படக்கடைகள் ஆகியவற்றிலிருந்து வருகின்றன. அவை தனித்தாளாக விற்ற வண்ணப்படங்கள். வாராவாரம் படமும் எழுத்தும் சேர்ந்து வெளிவந்த ஒரு தமிழ் இதழை அந்த வரிசையில் வைத்தால் படிப்பினை மாறுகிறது.

அந்த இதழ் 'இந்தியா'. 1906 மே மாதம் சென்னையில் தொடங்கியது. மண்டயம் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். என். திருமலாச்சாரியார் நடத்தினார். ஆசிரியப் பொறுப்பின் உயிர் சுப்பிரமணிய பாரதி. தமிழ் இதழியலில் அரசியல் கருத்துப்படத்தை வழக்கமாக்கியது இவ்விதழே. கிடைத்த படங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி 1994இல் 'பாரதியின் கருத்துப்படங்கள்' என்று தொகுத்தபோதுதான் அவற்றின் வீச்சு பலருக்கும் தெரிந்தது. இதழின் எல்லா வாரங்களும் இன்று கிடைப்பதில்லை என்பதால் எத்தனை படங்கள் வந்தன என்று முழுக்கணக்கு சொல்லும் முயற்சியில் இக்கட்டுரை இறங்கவில்லை. வடிவம் பற்றிய ஒரு செய்தியே இங்கே வேண்டுவது.

அந்தப் படங்களில் பாரதமாதா வருகிறாள். இதிகாச புராணத்தின் அரக்கரும் வீரரும் வருகிறார்கள். நீதிக்கதையின் விலங்குகளும் பழமொழிகளும் வருகின்றன. ஆட்சியாளர்களும் மிதவாதத் தலைவர்களும் இந்த உருவங்களுக்குள் நிறுத்தப்படுகிறார்கள். இதுவரை பின்னியின் வாதத்தோடு மோதல் இல்லை. மோதல் அடுத்த அடியில் தொடங்குகிறது. முகப்பில் வந்த படத்துக்கு இதழ் தன் சொற்களிலேயே விளக்கம் எழுதியது. இவர் யார், அந்த விலங்கு யார், கையில் இருப்பது எந்தச் சட்டம் என்று வாசகருக்கு ஐயமறச் சொன்னது. கீசகன் யாரென்று மராத்தி மேடை சொல்லாமல் விட்டது. 'இந்தியா' சொல்லியே தீர்ந்தது.

முகமூடி அணிந்தவன் தன் பெயரையும் உரக்கச் சொல்வானா? வழக்கறிஞர் யாரும் வாதாட வேண்டாதபடி பொருளை விரித்துரைத்த படவிளக்கம், சட்டத்திலிருந்து ஒளிந்துகொள்ளும் உத்தி ஆகாது. ராஜத்துரோகத்துக்கான 124-ஏ பிரிவு அப்போதும் நடப்பில்தான் இருந்தது. 1908 ஆகஸ்டில் இதழின் பதிவுபெற்ற ஆசிரியர் மு. சீனிவாசன் கைதானார். நவம்பரில் அவருக்கு 5 ஆண்டுத் தண்டனை கிடைத்தது. அபாயம் வெறும் ஊகம் அல்ல என்று தெரிந்தே விளக்கம் எழுதினார்கள். ஆகவே புராண உருவம் அங்கே வேறு ஏதோ வேலை செய்தது.

இதைச் சோதித்துப் பார்க்க வரலாறே ஒரு வாய்ப்பைத் தந்திருக்கிறது. சீனிவாசனின் கைதுக்குப் பிறகு பாரதி புதுச்சேரிக்குப் போனார். 1908 அக்டோபர் முதல் 1910 மார்ச் வரை 'இந்தியா' அங்கிருந்து வந்தது. பிரெஞ்சு மண்ணில் பிரிட்டிஷ் ராஜத்துரோகப் பிரிவு செல்லாது. அஞ்சலில் இதழைப் பிடிக்கலாம், ஆசிரியரைப் பிடிக்க முடியாது. புராண உருவம் சட்டத்துக்கான போர்வை மட்டுமே என்றால், இந்த மாதங்களில் அது தளர்ந்து, நேரடியான கேலிச்சித்திரம் மேலோங்கியிருக்க வேண்டும். நடந்தது அப்படியல்ல. பாரதமாதாவின் உருவம் புதுச்சேரியில் இன்னும் பெருகியது. 1909இல் அங்கிருந்து வந்த 'விஜயா' நாளிதழில் அவள் இந்திய நிலப்படத்தோடு சேர்த்து வரையப்பட்டிருப்பதைச் சுமதி ராமசாமி தம் ஆய்வில் கவனப்படுத்தியிருக்கிறார். கருத்துப்படத்துக்கென்றே 'சித்திராவளி' என்ற தனி இதழ் நடத்தும் திட்டமும் பாரதியிடம் இருந்தது. அச்சம் குறைந்த இடத்தில் தெய்வ உருவம் குறையவில்லை. பின்னியின் காரண விளக்கத்துக்கு இது பெரிய இடைஞ்சல்.

அப்படியானால் அந்த உருவம் எங்கிருந்து வந்தது? சான்று மெலிந்திருக்கும் இந்த இடத்தில்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தொண்டைமண்டலக் கிராமங்களில் திரௌபதியம்மன் கோயில் பாரதக் கூத்து, ஆட்சியாளனைப் பற்றி ஊர் கூடித் தீர்ப்புச் சொல்லும் களமாக நெடுங்காலம் இருந்து வந்திருக்கிறது. பதினெட்டாம் போரன்று மண்ணால் மிகப் பெரிதாகச் செய்து தரையில் கிடத்தப்படும் துரியோதனன், கோயில் சிற்பத்தின் அழகு இலக்கணத்துக்குள் அடங்காதவன். பருத்த உடல், முறுக்கிய மீசை, அடிபடக் காத்திருக்கும் தொடை. அநீதியான அரசனைக் கேலியும் அச்சமும் கலந்து பெரிதாக்கிக் காட்டும் உருவக்கலை அது. பக்கத்திலேயே கட்டியக்காரன் நிற்கிறான். அரசன் சபையில் நடப்பதை நிறுத்தி, ஊரின் மணியக்காரரையும் சந்தை விலையையும் இழுத்துப் பேசி, கதையை இன்றைய நாளோடு முடிச்சுப் போடுவது அவன் வேலை. படம் ஒன்று, அதற்குப் பக்கத்திலேயே நின்று பொருள் சொல்லும் குரல் ஒன்று என்ற அமைப்பு, 'இந்தியா' இதழின் முகப்புக்கு முன்பே கூத்துக்களத்தில் இருந்தது. கருத்துப்படத்தின் விளக்கத்துக்கும் கட்டியக்காரனுக்கும் நேரான தொடர்பைக் காட்டும் ஆவணம் கைக்கு எட்டவில்லை என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயம். ஆனால் இதழைக் கையில் எடுத்தவரும் படிக்கச் சொல்லிக் கேட்டவரும் அந்தக் கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் என்பதை ஒதுக்கிவிட்டு, இலண்டன் 'பஞ்ச்' இதழை மட்டும் மூலமாகக் காட்டுவதும் முழு விடை ஆகாது.

அரசியலும் தெய்வ உருவமும் பிணைந்தது காலனியச் சட்டத்தால் அல்ல என்பதற்கு இன்னும் பழைய சான்று சென்னையின் மேற்குப் புறத்தில், ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் இடையில் இருக்கிறது. வடதிருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலில் நந்தி இறைவனை நோக்கி இல்லை. இறைவனுக்கு முதுகு காட்டி, அவர் பார்க்கும் கிழக்குத் திசையையே பார்க்கிறது. குறும்பரோடு போரிட்ட தொண்டைமானுக்குத் துணையாக இறைவன் நந்தியை அனுப்பினார், அதனால்தான் புறப்படும் நிலையில் திரும்பியிருக்கிறது என்பது தலபுராணம். சன்னிதி முன்னே உள்ள இரண்டு எருக்கந்தூண்களும் குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவந்த வெற்றிப் பொருள்கள் என்றே கோயில் மரபு சொல்கிறது. ஒரு போரில் தெய்வம் எந்தப் பக்கம் நின்றது என்பதைக் கல்லும் மரமும் அறிவிக்கின்றன.

இந்த மரபின் மிகப் பழைய எழுத்துச் சான்று சுந்தரரின் திருமுல்லைவாயில் பதிகம். ஏழாம் திருமுறையில் உள்ள அப்பதிகத்தின் இறுதிப் பகுதியில் தொண்டைமான் வருகிறான். அவனுடைய யானையை முல்லைக்கொடி சூழ்ந்து கட்டுகிறது, இறைவன் வெளிப்பட்டு அருள்கிறார். அவ்வளவுதான். தலபுராணம் சொல்வதுபோல் கொடியை வெட்டிய வாள் இலிங்கத்தில் பட்டதாக அப்பாட்டில் இல்லை. குறும்பர் இல்லை, கோட்டை இல்லை, எருக்கந்தூண் இல்லை, நந்தி போருக்குப் புறப்படவும் இல்லை. தலபுராணத்துக்கும் பதிகத்துக்கும் இடையே உள்ள இந்த வேறுபாடு எளிதாகக் கடந்துபோகத் தக்கது அல்ல. பதிகத்தில் இருப்பது அரசன் ஒருவனுக்குக் கிடைத்த அருள். தலபுராணத்தில் இருப்பது எதிரியின் பெயரோடு கூடிய போர்.

எதிரியின் பெயர் எப்போது சேர்ந்தது? உறுதியான ஆண்டு தர இயலாது. சுந்தரர் காலமே ஏழாம் நூற்றாண்டின் இறுதியா, எட்டா, ஒன்பதா என்று அறிஞரிடையே முடிவாகவில்லை. தொண்டைமான் என்பது பட்டப்பெயர், எந்த அரசன் என்பதும் தீராத வழக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளில் ஆதொண்டைச் சக்கரவர்த்தி புழல் கோட்டைக் குறும்பரை வென்ற கதை விரிவாக இருக்கிறது. குறும்பரைச் சமணத்தோடு சேர்த்துச் சொல்லும் வடிவமும் அங்கே உண்டு. ஆகவே சுந்தரருக்குப் பிறகு, மெக்கன்சிக்கு முன்பு என்ற பெரிய எல்லையை மட்டுமே வைக்கலாம். நம் வாதத்துக்கு அதுவே போதும். அச்சுச் சட்டமோ ராஜத்துரோகப் பிரிவோ இல்லாத காலத்தில், யாருக்கும் அஞ்ச வேண்டாத நிலையில், அருட்கதை அரசியல் கதையாக விரிந்திருக்கிறது.

நந்தியின் திசை இன்னொன்றையும் காட்டுகிறது. இறைவனுக்கு முதுகு காட்டும் நந்தி திருவல்லத்திலும் உண்டு. அங்கே சொல்லப்படும் காரணம் கஞ்சன் என்ற அசுரன். திருவைகாவூரில் நந்தி வாசலை நோக்குவதற்குக் காரணம் யமன். கல்லின் நிலை ஒன்றுதான், விளக்கம் ஊருக்கு ஊர் வேறு. திருமுல்லைவாயில் நந்தியை அரசியல் உருவமாக்குவது சிற்பியின் உளி அல்ல, அதற்குப் பக்கத்தில் சொல்லப்படும் கதை. விளக்கத்தை நீக்கிவிட்டால் அது திசை மாறிய நந்தி மட்டுமே. உருவத்தையும் விளக்கத்தையும் தனித்தனியே ஆராய வேண்டும் என்பதற்கு இந்தக் கல் தக்க சான்று.

இப்போது பின்னியின் வாதத்தில் நிற்கும் பாதிக்கு வரலாம். 1910 பிப்ரவரியில் வந்த அச்சுச் சட்டம் நிலைமையை உண்மையிலேயே புரட்டிப்போட்டது. புதிதாக அச்சகம் தொடங்குபவர் 500 ரூபாய் முதல் 2,000 ரூபாய் வரை முன்பணம் கட்ட வேண்டும். அது பறிமுதலானால் மீண்டும் தொடங்க 1,000 முதல் 10,000 வரை. வழக்குக்குப் பின் வந்த தண்டனை இப்போது அச்சுக்கு முன்பே காசாகக் கேட்கப்பட்டது. எழுதியவரோடு அச்சகம் வைத்திருந்தவரும் அஞ்ச வேண்டிய நிலை பிறந்தது. புதுச்சேரியிலிருந்து வந்த இதழ்கள் எல்லையில் தடுக்கப்பட்டன. 'இந்தியா' 1910 மார்ச்சில் நின்றது.

அடுத்து வந்த ஆக்கங்களைப் பார்த்தால், புராணம் அப்படியே இருக்கிறது. விளக்கம்தான் போய்விட்டது. 1912இல் பாரதி 'பாஞ்சாலி சபதம்' முதற்பாகத்தை வெளியிட்டார். இரண்டாம் பாகம் அவர் மறைவுக்குப் பின் 1924இல் வந்தது. அவையில் இழுத்துவரப்பட்ட பாஞ்சாலியைப் பாரத நாடாகப் படிக்காத தமிழ் வாசகர் அரிது. நூலுக்குள் கர்சனும் இல்லை, மிண்டோவும் இல்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் இதே கவி, படத்தின் ஒவ்வொரு உறுப்புக்கும் பெயர் எழுதிய இதழை நடத்தியவர். பெயர் சொல்லும் வேலையை இப்போது வாசகரிடம் விட்டுவிட்டார். காவியத்துக்கு விளக்கம் எழுதும் வழக்கம் இல்லை, ஆகவே ஒப்பீடு பொருந்தாது என்று சொல்ல இடமுண்டு. அந்த ஐயத்தை நான் முழுவதும் நீக்கிவிட்டதாகக் கருதவில்லை. ஆனால் மேடையும் அதே திசையைக் காட்டுகிறது.

எஸ். எஸ். விசுவநாததாஸ் முருகன் வேடத்தில் பாடிப் புகழ்பெற்ற கொக்குப் பாட்டு, மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதியது என்றே பொதுவாகச் சொல்லப்படும். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் தினைப்புனம் காக்கும் காட்சி உண்டு, பறவைகளை விரட்டுவது கதையின் இயல்பான பகுதி. அந்தப் பறவைகளில் ஒன்று வெள்ளை நிறக் கொக்கு. கொக்கு யார் என்று கொட்டகை முழுவதும் அறிந்திருந்தது. 1940 டிசம்பர் 31 இரவு சென்னை ராயல் தியேட்டரில் அதே முருகன் வேடத்தில் மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது. நாடகச் சட்டத்தின் கீழ் வாழ்ந்த கலை, விளக்கத்தைக் கதையின் இயல்புக்குள் கரைத்துவிடக் கற்றிருந்தது. 'கீசகவதம்' 1907இலேயே பெயர் சொல்லாமல் இருந்ததற்கும் இதுவே காரணம் என்று கருதுகிறேன். மேடைக்கு முன்தடை 1876இல் வந்தது, அச்சுக்கு அதையொத்த நெருக்கடி 1910இல் வந்தது. விளக்கம் மறைந்ததும் அந்த வரிசையிலேயே.

விளக்கத்தை நீக்கியதால் பாதுகாப்புக் கிடைத்துவிட்டதா என்றால், முழுவதும் இல்லை. 1921இல் வந்த 'பக்த விதுரர்' ஊமைப்படத்தில் விதுரர் காந்தியின் சாயலில் இருந்தார். கராச்சியிலும் சென்னையிலும் படம் தடை செய்யப்பட்டது. விளக்கம் இல்லாத புராணத்தைப் படிக்க அதிகாரிகளும் கற்றுக்கொண்டார்கள்.

பின்னியின் உருவகம் எந்த மண்ணில் முழுமையாகப் பொருந்தும் என்று தேடினால், சோவியத் ஒன்றியத்தின் அதிகாரபூர்வமற்ற ஓவியம் முதலில் நினைவுக்கு வரும். லெனின்கிராடின் விளாதிமிர் ஓவ்சின்னிகோவ் தண்டவாளத்திலும் சாதாரணத் தொழிலாளர் வாழிடத்திலும் தேவதூதர்களை நிறுத்தினார். 1974 செப்டம்பர் 15 அன்று மாஸ்கோவின் பெல்யாயெவோ திறந்தவெளியில் ஆஸ்கர் ராபினும் தோழர்களும் வைத்த கண்காட்சியைப் புல்டோசர்கள் கலைத்தன. அங்கே விவிலிய உருவத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நாத்திகத்தைக் கொள்கையாகக் கொண்ட அரசின் முன் தேவதூதரை வரைவதே எதிர்ப்பு. பிரிட்டிஷ் இந்தியாவில் நிலை நேர்மாறு. மதம் அரசு தொடாத இடம், தெய்வத்தை வரைவது குற்றமல்ல, தெய்வத்துக்குப் பக்கத்தில் எழுதப்படும் பெயரே குற்றம். மாஸ்கோவில் அரசு அஞ்சியது உருவத்துக்கு, சென்னையில் அஞ்சியது விளக்கத்துக்கு. இரண்டையும் 'தணிக்கையால் பிறந்த சமயக் குறியீடு' என்று ஒரே பெயரில் அடைத்தால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

ஆகவே பின்னியின் விடையை இப்படித் திருத்தலாம். காலனியச் சட்டம் தமிழ் அரசியல் படத்துக்குள் புராணத்தைக் கொண்டுவரவில்லை. அது பதிகத்துக்கும் தலபுராணத்துக்கும் கூத்துக்கும் முன்பே பழக்கமான மொழி. சட்டம் செய்தது, அந்த மொழியில் வெளிப்படையாகப் பெயர் சொல்லும் உரிமையைப் பறித்தது. புராணம் மறைபொருளாகிவிட்டது என்று நாம் இன்று கருதுவது 1910க்குப் பிந்தைய நிலையை முந்தைய காலத்தின் மேல் ஏற்றிப் பார்ப்பதால்தான். 1910ஐத் திருப்புமுனையாக வைப்பதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. 1908 ஜூனில் வந்த பத்திரிகைச் சட்டமே அச்சகங்களைப் பறிமுதல் செய்ய வழி திறந்தது, விளக்கத்தின் தொனி அப்போதே மாறத் தொடங்கியதா என்பதை வார வாரமாகப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

அதற்குப் பதிப்பாளரும் ஆய்வாளரும் ஒரு பழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும். 'இந்தியா' இதழின் படத்தை மறுஅச்சு செய்யும்போது, அதே வாரம் அதற்கு இதழ் எழுதிய விளக்கத்தையும் வரி குறையாமல் சேர்த்து அச்சிட வேண்டும். உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், பாரதி ஒளிக்காமல் சொன்னதை நாமே ஒளித்துவைத்து, பிறகு அது மறைபொருள் என்று விளக்கவும் தொடங்கிவிடுவோம்.